காலாவதியான கடவுச்சீட்டும் காணாமற்போன சான்றுகளும்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணையின் செறுதோணி மதகு திறக்கப்பட்டது. மறுநாள் ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டன. அந்த மாத வெள்ளம் கேரளம் முழுவதையும் புரட்டிப்போட்டது. நீர் வடிந்தபின் வீடு திரும்பியவர்கள் சேற்றிலிருந்து எடுத்தவற்றுள் அடையாள அட்டைகளும் பள்ளிச் சான்றுகளும் நிலப்பத்திரங்களும் கடவுச்சீட்டுகளும் இருந்தன. பல தாள்களில் எழுத்தே இல்லை. வெள்ளத்தில் சேதமடைந்த கடவுச்சீட்டுகள் கட்டணமின்றி மாற்றித் தரப்படும் என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அந்த மாதத்திலேயே அறிவித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. இறந்தவர்களுள் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பூர்வீகம். 2024 ஜூலை இறுதியில் வயநாட்டு முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தபோது, பிழைத்தவர்களுக்குச் சான்றிதழ்களை மறுபடி வழங்க மாவட்ட நிர்வாகம் தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

பேரிடரில் காகிதம் போனால் அரசு முகாம் நடத்துகிறது. பேரிடர் எதுவும் இல்லாமல், கறையானாலும் கூரை ஒழுக்காலும் வீடு மாறும்போது ஏற்படும் கவனக்குறைவாலும் காகிதம் போனால் முகாம் கிடையாது. அந்தக் குடும்பம் தானாகவே அலைய வேண்டும். பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் இடுக்கியின் தோட்டப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இவ்வகை அலைச்சலை அறியாத வீடு குறைவு. அதிலும் வெளிநாட்டில் ஒருவர் இருக்கும் வீடென்றால், அந்த அலைச்சல் பெரும்பாலும் ஒரு பழைய கடவுச்சீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

ஓர் அம்மாளை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம்; இத்தகையவர் இல்லாத தோட்டமே இல்லை. மூணாற்றுப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்துவிட்டு, சூரியநெல்லிப் பக்கம் வேறொரு தோட்டத்தில் வேலை செய்யும் மகனுடன் இருக்கிறார். மகள் குவைத்தில் செவிலியர், கருவுற்றிருக்கிறார். மகளின் பேறுகாலத்தில் உடனிருக்கத் தாய் போக வேண்டும். தாயிடம் 2009இல் எடுத்த கடவுச்சீட்டு ஒன்று தகரப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. பத்தாண்டுக் காலம் 2019இலேயே முடிந்துவிட்டது. ஆதார் அட்டையில் பழைய லயத்து முகவரி. வாக்காளர் அட்டையைக் காணோம். பள்ளிக்குப் போனதில்லை. பேறுகாலத்துக்கு நான்கு மாதம் இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டவுடன் அக்கம்பக்கத்தார் சொல்வது ஒன்றுதான்: “எல்லாக் காகிதமும் புதுசா எடுக்கணும்.” அது தவறு. எல்லாக் காகிதமும் வேண்டியதில்லை.

பழைய கடவுச்சீட்டே முதல் சான்று

இந்தியாவில் கடவுச்சீட்டைப் “புதுப்பிப்பது” என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வதற்கு, சட்டப்படி மறுவழங்கல் என்று பெயர். பழைய ஏட்டில் முத்திரை குத்தித் தருவதில்லை. புதிய எண்ணுடன் புதிய ஏடே வருகிறது. மறுவழங்கலுக்கு அடிப்படை பழைய கடவுச்சீட்டுதான். காலம் முடிந்துவிட்டது என்பதற்காக அது வெறுங்காகிதமாகிவிடுவதில்லை. இந்திய அரசு ஒருவரை ஒருமுறை விசாரித்து, குடிமகன் என்று ஏற்று, பெயரும் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் எழுதிக் கொடுத்த ஏடு அது. ஆகவே அந்த அம்மாள் முதலில் செய்ய வேண்டியது, தகரப் பெட்டியைத் திறந்து அதைப் பத்திரமாக வெளியே எடுப்பது. முதல் இரண்டு பக்கங்கள், கடைசி இரண்டு பக்கங்கள், குறிப்புரை ஏதேனும் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் ஆகியவற்றுக்குப் படி எடுத்துத் தாமே கையொப்பமிட வேண்டும். மூலத்தையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. காலாவதியாகி மூன்றாண்டுக்குள் இருப்பவரா, மூன்றாண்டைத் தாண்டியவரா என்று விண்ணப்பப் படிவம் தனித்தனியே கேட்கிறது. தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் காவல்துறை விசாரணை முடிந்த பிறகே புதிய ஏடு அச்சாகும். நம் அம்மாள் தாண்டியவர். எனவே அவருக்கு நான்கு மாதம் என்பது தாராளமான அவகாசம் அன்று. விசா பெறவும் நாள் வேண்டும். செல்லும் நாட்டில் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு.

பழைய ஏடே தொலைந்துவிட்டால் வழி வேறு. காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் அறிக்கையையும், எப்படித் தொலைந்தது என்பதைக் கூறும் உறுதிமொழிப் படிவத்தையும் சேர்க்க வேண்டும். சாதாரண மறுவழங்கலுக்கு 36 பக்க ஏட்டுக்கு 1,500 ரூபாய், 60 பக்க ஏட்டுக்கு 2,000 ரூபாய். செல்லுபடியாகும் ஏடு தொலைந்தோ சிதைந்தோ போய் மாற்று ஏடு கேட்பவர் 3,000 அல்லது 3,500 ரூபாய் கட்ட வேண்டும். தொலைந்ததாகப் புகார் கொடுத்த ஏடு பிறகு கிடைத்துவிட்டாலும் அதைக்கொண்டு பயணம் செய்யக் கூடாது, ஒப்படைத்துவிட வேண்டும். பெட்டியை நன்றாகத் துழாவாமல் புகார் கொடுத்துவிட்டுப் பிறகு தலையில் கைவைப்பவர்கள் உண்டு.

பதிவேடு எங்கே இருக்கிறது?

கையிலுள்ள சான்றிதழ் என்பது எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கும் பதிவேட்டின் படி மட்டுமே. படி தொலையலாம், பதிவேடு பெரும்பாலும் இருக்கும். எந்த அலுவலகத்தில் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எல்லைப்புறத்தில் அந்த வேலை சற்றுக் கடினம், ஏனெனில் நம் குடும்பங்களின் பதிவுகள் இரண்டு மாநிலங்களில் சிதறிக் கிடக்கின்றன.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அதனால் மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவு தேனியிலோ சங்கரன்கோவிலிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும். இளைய பிள்ளையின் பதிவு தோட்டத்து மருத்துவமனை வழியாகக் கேரளத்துப் பஞ்சாயத்தில் இருக்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு மாநிலச் சான்றுகள்! மூத்தவருக்காக மூணாறு பஞ்சாயத்தில் ஆண்டுக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் “எங்கே பிறந்தது, எந்த ஆஸ்பத்திரி” என்று கேட்டறிந்து, அந்தப் பகுதிப் பிறப்புப் பதிவாளரிடம் மனுச் செய்ய வேண்டும். பதிவு இருந்தும் குழந்தையின் பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்றோ ‘பெண் குழந்தை’ என்றோ மட்டும் இருந்தால், பெயர் சேர்க்கும் நடைமுறையை முடித்துவிட்டுச் சான்று வாங்குவது நல்லது. பதிவே இல்லையென்றால், ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்புகளுக்கு நிர்வாக நடுவரின் ஆணை பெற்றுப் பதியலாம். 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது.

இன்னொரு சிக்கல், ஊர் நகராமலேயே மாவட்டம் நகர்ந்தது. இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972 ஜனவரி 26இல். அதற்கு முன் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்கள் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. 1965இல் மூணாற்றில் பிறந்தவரின் பழைய ஆவணத்தில் ‘கோட்டயம் மாவட்டம்’ என்றுதான் இருக்கும். பாலக்காடு நகரமோ 1956 நவம்பர் வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்திலுள்ள சித்தூர் கொச்சி சமஸ்தானத்துப் பகுதி. முதியவர்களின் ஆவணங்களில் தென்படும் இந்த வேறுபாடு முரண்பாடு அன்று. ஆனால் முகப்பில் இருக்கும் இளம் அலுவலருக்கு இவ்வரலாறு தெரிந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது. ஆண்டையும் நாளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவது உதவும்.

பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று ஒன்றுதான் வழி என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2016 டிசம்பர் வரை, 1989 ஜனவரி 26 முதல் பிறந்தவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. அந்த மாதத்தில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது எஸ்.எஸ்.எல்.சி. சான்று, வருமான வரி நிரந்தரக் கணக்கு அட்டை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், அரசு ஊழியர் என்றால் பணிப்பதிவேடு அல்லது ஓய்வூதிய ஆணை ஆகியவற்றுள் ஒன்று பிறந்த தேதிக்குப் போதும் என்றாகியது. திருமணச் சான்றும் வேண்டியதில்லை; பெற்றோருள் ஒருவர் பெயர் இருந்தாலே போதும்; உறுதிமொழிகளை வெள்ளைத்தாளில் தாமே எழுதித் தரலாம். 2025இல் மீண்டும் ஒரு திருத்தம் வந்தது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று மட்டுமே ஏற்கப்படும். பெரியவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பேரக்குழந்தையைச் சேர்த்து விண்ணப்பிக்கும் குடும்பங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

நம் அம்மாளுக்கு இதில் எது உண்டு? வாக்காளர் அட்டை தொலைந்தது. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது. பட்டியலிலுள்ள எண்ணைத் தேடி எடுத்தால் மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஓய்வு பெறும்வரை வருங்கால வைப்பு நிதி கட்டியிருக்கிறார். தோட்ட அலுவலகத்தில் அவருடைய பெயரும் வயதும் சேர்ந்த நாளும் இருக்கின்றன. வங்கிக் கணக்கு இருக்கிறது. ஒன்றுமே இல்லை என்று சொன்னவரிடம் நான்கு அலுவலகங்களின் பதிவுகள் இருக்கின்றன. தேடினால் இன்னும் ஒன்றிரண்டு கிடைக்கலாம்.

எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர்கள் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக மாற்றுச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளியில் படித்திருந்தாலும் சான்று திருவனந்தபுரத்துப் பரீட்சை பவனிலிருந்துதான் வரும். எல்லைக்கு இப்பால் தங்கிப் படித்தவர்களுக்குச் சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். அங்கெல்லாம் போவதற்கு முன், டிஜிலாக்கர் செயலியில் ஏதேனும் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஓட்டுநர் உரிமமும் நிரந்தரக் கணக்கு அட்டையும் பலருக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

லயத்துக்கு ஏது கதவு எண்?

பிறந்த தேதியைவிட முகவரிதான் தோட்டத் தொழிலாளரைத் திணறவைக்கிறது. லயம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வீட்டுவரி ரசீது தொழிலாளி பெயரில் இல்லை. மின்கட்டணச் சீட்டு இல்லை. வாடகை ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நகரத்துக் குடித்தனக்காரருக்கு இயல்பாகக் கிடைக்கும் மூன்று காகிதங்களும் நூறாண்டாக அதே மலையில் வாழும் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. குடும்ப அட்டையை நீட்டினால், அது உணவுப் பொருளுக்கானது என்ற பதில் வரும். பொது வினியோகத்தை ஒழுங்குபடுத்தும் 2015ஆம் ஆண்டு ஆணையே அதை அடையாளச் சான்றாகவோ வசிப்பிடச் சான்றாகவோ கொள்ளக் கூடாது என்கிறது.

ஆனால் கடவுச்சீட்டுக்கான முகவரிச் சான்றுப் பட்டியலில், நன்மதிப்புள்ள நிறுவனத்தின் முத்திரைத்தாளில் வேலை அளிப்பவர் தரும் சான்று இடம்பெற்றிருக்கிறது. வேலையில் இருக்கும் தொழிலாளிக்குத் தோட்ட அலுவலகத்தின் கடிதம் வழிகாட்டலாம். பொதுத்துறை வங்கி, இந்தியத் தனியார் வங்கி, மண்டல ஊரக வங்கி ஆகியவற்றின் நடப்பிலுள்ள கணக்குக்கான புகைப்படம் ஒட்டிய கணக்குப் புத்தகமும் அதே பட்டியலில் உண்டு. வங்கி இதழ் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கும் தாய்க்குத் தோட்டக் கடிதம் கிடைக்காது. அவருடைய ஓய்வூதியம் வரும் கணக்கின் புத்தகம்தான் கையில் இருக்கும் முகவரிச் சான்று.

ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் புத்தகத்தில் இருக்கும் முகவரி இன்றைய முகவரியாக இருக்க வேண்டும். கிளை முகப்பில் அமர்பவர்களுக்குத் தெரியும், பத்தாண்டுக்கு முன் ஒட்டிய படமும் அப்போதைய முகவரியுமாகவே பெரும்பாலான புத்தகங்கள் வருகின்றன. கடவுச்சீட்டு மையத்துக்குப் போவதற்கு முன் கிளைக்கு வந்து முகவரியைத் திருத்தி, புதிய புகைப்படம் ஒட்டி, கிளையின் முத்திரையும் கையொப்பமும் பெற்றுவிட வேண்டும். பணப் பரிவர்த்தனை இல்லாமல் செயலற்றுப்போன கணக்கையும் அப்போதே உயிர்ப்பித்துவிடலாம்.

கிளையில் முகவரி மாற்றவும் ஒரு சான்று வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆதாரில் முகவரியை மாற்ற 2023 ஜனவரியில் ஒரு வசதி வந்தது. குடும்பத் தலைவரின் ஆதார் முகவரியை, அவருடைய இசைவோடு, உடன் வாழும் உறவினருக்கும் ஏற்றிக்கொள்ளலாம். உறவுக்குச் சான்றாகக் குடும்ப அட்டையே அங்கு ஏற்கப்படுகிறது. உறவுச் சான்று எதுவும் இல்லையென்றால் குடும்பத் தலைவரின் உறுதிமொழி போதும். மகனின் லயத்து முகவரி இவ்வாறு தாயின் ஆதாருக்கு வரும். ஆதாரிலிருந்து வங்கிப் புத்தகத்துக்கு வரும். அதன்பின் இரண்டும் கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கு உதவும். வரிசை முக்கியம். தலைகீழாகத் தொடங்கினால் ஒவ்வொரு முகப்பிலும் மற்றொரு முகப்பைக் கைகாட்டுவார்கள்.

ஆதார் அட்டையே இல்லாத, வேறெந்த அடையாளமும் இல்லாத ஒருவர்கூட வங்கியில் சிறு கணக்குத் தொடங்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அலுவலர் முன்னிலையில் இடும் கையொப்பமும் ஒரு புகைப்படமும் போதும். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது; மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது; முறையான ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்குச் சான்று காட்டினால் ஓராண்டு இன்னோராண்டாக நீளும். கடவுச்சீட்டுக்கு அது நேர்வழி ஆகாது. ஆனால் எல்லாம் இழந்த குடும்பத்துக்குப் பணம் வந்துசேர ஒரு வாசல் ஆகும்.

மாரியம்மாளும் மாரியம்மாவும்

தமிழில் மாரியம்மாள். மலையாள எழுத்தர் எழுதியபோது மாரியம்மா. கருப்பசாமி ஓர் ஆவணத்தில் கறுப்பஸ்வாமி. இவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதம். தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் அட்டையில் முன்னே, மற்றொன்றில் பின்னே, இன்னொன்றில் அறவே இல்லை. கடவுச்சீட்டோ முதலெழுத்தை ஏற்பதில்லை; விரித்து எழுதச் சொல்கிறது. ஒரு மனிதருக்கு நான்கு அட்டை இருந்தால் நான்கு மனிதர்கள் போலத் தெரியும். தொலைந்த காகிதத்தைவிட, கையிலிருந்தும் ஒத்துப்போகாத காகிதம்தான் அதிகக் கோப்புகளை நிறுத்திவைக்கிறது என்பது என் எண்ணம்.

மறுவழங்கலில் பழைய கடவுச்சீட்டின் பெயரையே அளவுகோலாக வைத்துக்கொள்வது எளிது. மற்ற அட்டைகளை அதற்கேற்பத் திருத்துங்கள். அட்டைக்கேற்பக் கடவுச்சீட்டைத் திருத்த முற்பட்டால் அது பெயர் மாற்றமாகக் கருதப்பட்டு, அரசிதழ் அறிவிப்பு, நாளிதழ் விளம்பரம் என்று நீளக்கூடும். எழுத்து வேறுபாடு மட்டும் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சான்றைக் கேரளத்து வில்லேஜ் ஆபீஸ் தருகிறது. அக்ஷயா மையத்தில் விண்ணப்பிக்கலாம். விசாரணையின்போது காட்ட அது நல்ல துணை.

பிறந்த தேதியிலும் இதே தொல்லை. பள்ளிக்குப் போகாத முதியவர்கள் ஆதார் பதிவின்போது வயதை மட்டும் சொன்னார்கள். பலருக்கு ஜனவரி 1 என்று பதிவாயிற்று. கடவுச்சீட்டில் மே மாதம், ஆதாரில் ஜனவரி என்றால் எது சரி என்பதை முதலில் வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த முடியும். அந்த ஒரு வாய்ப்பை அவசரத்தில் வீணாக்கக் கூடாது.

வில்லேஜ் ஆபீசில் “ஆதாரம் கொண்டு வாருங்கள்” என்று சொன்னால் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மலையாளத்தில் ஆதாரம் என்றால் நிலப்பத்திரம்! மொழி தெரியாத தயக்கத்தினாலேயே நம்மவர்கள் இடைத்தரகரிடம் போகிறார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடும், சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களோடும் தமிழிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ள உரிமை தந்திருக்கிறது. பதிலும் தமிழில் வர வேண்டும். சித்தூர்ப் பகுதியிலும் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் இன்னும் அதிகமாக வேண்டும்.

விசாரணைக்கு வரும்போது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வளைகுடா சென்று, விடுப்பில் வந்திருக்கும் ஓர் இளைஞரின் அவசரம் வேறு வகையானது. வளைகுடா நாடுகள் பலவற்றில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் வதிவு அனுமதி போய்விடும். அவருடைய வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குக்கும் வங்கி செல்லுபடியாகும் கடவுச்சீட்டைக் கேட்கும். இத்தகையவர்கள் தத்கால் முறைக்குப் பாய்கிறார்கள். கூடுதலாக 2,000 ரூபாய் கட்டினால் விரைவில் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் தத்கால் ஆவணம் குறைந்தவர்களுக்கான வழியன்று. அதற்கு ஆவணங்கள் கூடுதலாகவே வேண்டும். சான்று குறைவாக உள்ளவர் சாதாரண முறையில், ஆறு மாதம் முன்னதாகத் தொடங்குவதே நலம். பத்தாம் வகுப்புத் தேறாத காலத்தில் கடவுச்சீட்டு எடுத்தவர்களுக்குக் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். பிறகு தேறியிருந்தால், அந்தச் சான்றை இப்போதே சேர்த்து அக்குறிப்பை நீக்கிக்கொள்ளலாம்.

2018 ஜூன் முதல் இந்தியாவில் எந்தக் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். வேலந்தாவளத்தில் இருப்பவர் கோயம்புத்தூரில் நாள் குறித்துக்கொள்ளத் தடையில்லை. விசாரணை மட்டும் விண்ணப்பத்திலுள்ள முகவரிக்குரிய காவல் நிலையத்திலிருந்துதான் வரும். புதிய ஏடும் அந்த முகவரிக்கே வரும். ஓராண்டுக்குள் இடம் மாறியவர் முந்தைய முகவரியையும் எழுத வேண்டும். எல்லையில் இரண்டு வீடு உள்ளவர்கள் சிலர், விசாரணை எளிது என்று எண்ணி உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். காவலர் வரும்போது ஆள் இல்லையென்றால் பாதகமான அறிக்கை போகும்; கோப்பு நிற்கும். பொய்த் தகவல் தருவது 1967ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றமும் ஆகும். “முகவரிச் சான்று நான் ஏற்பாடு செய்து தருகிறேன்” என்று சொல்லும் தரகரின் பெயர் விண்ணப்பத்தில் எங்கும் இருக்காது. கையொப்பம் உங்களுடையதாகவே இருக்கும்.

கட்டணத்தை அரசின் கடவுச்சீட்டுச் சேவை இணையதளத்தில் மட்டும் செலுத்துங்கள்; அதன் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் உலவுகின்றன. செலுத்திய கட்டணம் ஓராண்டு வரை செல்லும். ஆகவே ஒரு சான்று குறைகிறது என்று மையத்தில் சொன்னால் மனம் தளர வேண்டியதில்லை. எது குறைகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, அதை மட்டும் தேடினால் போதும். ஐயங்களுக்கு 1800 258 1800 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 2017 ஜனவரியில் மைசூருவிலும் தாஹோதிலும் தொடங்கிய அஞ்சலகக் கடவுச்சீட்டு மையங்கள் இப்போது பல மாவட்டங்களில் இருப்பதால், கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் இரவுப் பேருந்து ஏறிய காலம் பலருக்கும் முடிந்துவிட்டது.

நம் அம்மாளிடம் திரும்புவோம். மகன் முதல் வாரத்தில் அவருடைய ஆதார் முகவரியைத் தன் முகவரிக்கு மாற்றினால், அடுத்து வங்கிப் புத்தகம் சரியாகும். வாக்காளர் அட்டைக்கு மனு ஒருபுறம் போகட்டும். விண்ணப்பத்தில் பழைய கடவுச்சீட்டிலுள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். முகவரியில் தோட்டம், பிரிவு, லயத்து எண், அஞ்சலகம், காவல் நிலையம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும்; மகனின் கைப்பேசி எண்ணையும் தர வேண்டும். விசாரணைக்குக் காவலர் வரும் செய்தி பெரும்பாலும் கைப்பேசியில்தான் வரும், மலையில் சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் மகன் இருந்தால். பக்கத்து லயத்தார் இருவரிடமும் தோட்ட அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லிவைப்பது வழக்கம். புதிய ஏடு விரைவு அஞ்சலில் வரும்; விண்ணப்பதாரர் கையில்தான் கொடுப்பார்கள். அன்றைக்கு அவர் போடிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. எனவே அஞ்சலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஏடு கைக்கு வரும்வரை மலையிலேயே இருக்கட்டும்.